ஸ்கூல் முன்னாடி ஸ்பீடு லிமிட், போலீஸ் ஆள் பாத்து விடலாமா?

அல்சூர்வாசி: பெங்களூர்ல எங்க ஏரியா ஸ்கூல் பக்கத்துல 25னு போர்டு இருக்கு, ஞாயித்துக்கிழமை காலி ரோட்ல 35ல போறவரையும் பசங்க வெளிய வர்ற நேரத்துல 60ல பறக்கறவரையும் ஒரே மாதிரி பிடிக்கறது நியாயமாங்க?

பதில் 1: லீவு நாள்ல விட்டுடலாம், சரி. ஸ்கூல் விடுற நேரத்துல ஒருத்தரையும் விடக்கூடாது, ஸ்பீடு 2 மடங்கானா பிரேக் போட்டு நிக்க 4 மடங்கு தூரம் வேணும், குழந்தைங்க திடீர்னு ஓடி வரும்ங்க.

பதில் 2: விடலாம்னா யாரை விடுவாங்க? பெரிய கார்காரர் யாருக்காவது போன் போட்டு தப்பிச்சிடுவாரு, ஆட்டோக்காரர் தான் கட்டுவாரு. 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தத்துல சின்ன வண்டிக்கே குறைஞ்சது 1000 ரூபா ஃபைன், அவருக்கு அது ஒரு நாள் பொழப்பு. கேமரா வைங்க.

அல்சூர்வாசி: அப்போ எந்த நேரத்துக்கு 25னு போர்டுலயே எழுதிடலாமே சார், போலீஸ் மனசு பாத்து முடிவு பண்ண வேண்டியதே இல்ல.