கந்தானையில் உள் ஒழுங்கை வீடு: அட்வான்ஸ் கொடுக்க முதல் எதையெல்லாம் பார்க்க வேணும்?

கடைசிவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கந்தானைச் சந்தியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஸ்டேஷன் பக்கமாக ஒரு வீடு பார்த்திருக்கிறோம். காணி 10 பேர்ச்சஸ். கீழ் வீடு பழையது, மேலே இரண்டு அறையும் ஒரு பாத்ரூமும் பிற்காலத்தில் கட்டியது. அஸ்பெஸ்டஸ் கூரை. கிணறும் உண்டு, குழாய்த் தண்ணீரும் உண்டு. ஏழெட்டு வீடு உள்ள ஒழுங்கையில் இதுதான் கடைசி வீடு. வாகனச் சத்தம் இல்லை, பேக்கரி, பாமசி, மரக்கறிக் கடை எல்லாம் சந்தியிலேயே இருக்கின்றன.

கேட்கிற விலை 3 கோடி. தாய் மகளுக்கு எழுதிய நன்கொடை உறுதி (பத்திரம்). மகள் கல்யாணம் முடித்து லண்டனில் இருக்கிறார். அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரமான அட்டர்னி பவர் வைத்திருக்கும் மாமா கையெழுத்து வைப்பார் என்று புரோக்கர் சொல்கிறார். 10 லட்சம் கொடுத்தால் முத்திரை ஒட்டி எழுதித் தந்து ஒரு மாதம் பிடித்து வைப்பார்களாம்.

பாதிப் பணம் வங்கிக் கடன். மிச்சத்தில் ஒரு பங்கு கனடாவில் இருக்கும் அண்ணா தருகிறார். அவர் இப்போது கனடாப் பிரஜை மட்டும்தான். அவர் பெயரையும் உறுதியில் போடலாமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

உறுதிப்பெட்டி எழுதியது:

முதலில் அந்த 10 லட்சத்தை நிறுத்தி வையுங்கள். காணி விற்பதற்கான உடன்படிக்கை நொத்தாரிசு (உறுதி எழுத அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது இதுதான். முத்திரை ஒட்டிய துண்டை வைத்துக்கொண்டு "எனக்கே விற்க வேண்டும்" என்று வழக்குப் பேச முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். நொத்தாரிசு உடன்படிக்கையாகவே எழுதுங்கள். உரித்தில் குறை கண்டாலோ வங்கி கடனை மறுத்தாலோ முற்பணம் இத்தனை நாளுக்குள் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வாசகம் அதில் இருக்கட்டும். எழுதிய கையோடு காணிப் பதிவகத்திலும் பதியுங்கள். பதியாத உடன்படிக்கை இருக்கும்போது வேறொருவர் வாங்கி முந்திப் பதிந்துவிட்டால், முந்திய பதிவுக்குத்தான் பலம்.

உரித்துத் தேடுதலை, அதாவது காணி யார் யார் கைக்கு மாறியது என்று பதிவகத்தில் பார்ப்பதை, 30 வருடத்துக்குச் செய்விக்க வேண்டும். வங்கியும் அதைத்தான் கேட்கும். பதிவேட்டுப் பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை உங்கள் சட்டத்தரணி தானே எடுக்கட்டும். விற்பவர் தரும் போட்டோப் பிரதியை நம்பி அறிக்கை எழுதக் கூடாது. ஈடு (அடமானம்), பிரிவிடல் வழக்கு (பங்கு பிரிக்கும் வழக்கு), தடையுத்தரவு, யாருக்காவது உள்ள சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) ஆகியவை அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

நன்கொடை உறுதியில் சீவிய உரித்து மிக முக்கியம். தாய் உயிரோடு இருக்கிறாரா? உறுதியில் தனக்குச் சீவிய உரித்து வைத்திருந்தால் அதைக் கைவிட்டு அவரும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வாங்கிய வீட்டில் அவர் சாகும்வரை இருக்கலாம். சீவிய உரித்து இல்லாவிட்டாலும் பிள்ளையின் நன்றியீனத்தைக் காட்டி நன்கொடையை இரத்துச் செய்யச் சொல்லித் தாய் வழக்குப் போட வழி உண்டு. ஆகவே எப்படியானாலும் அவரையும் உறுதியில் ஒரு தரப்பாகச் சேர்ப்பதே பாதுகாப்பு.

விற்பவர் யாழ்ப்பாணத் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழக்காற்றுச் சட்டம்) உட்பட்டவரா என்றும் கேளுங்கள். அப்படியானால், 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டப்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் தேவை. சொத்து கந்தானையில் இருந்தாலும் அதேதான், ஏனென்றால் அது ஆளோடு போகிற சட்டம். ஆனால் பங்காளிக்கு முதலில் விற்க வேண்டும் என்கிற முன்கொள்வனவு உரிமை வடக்குக் காணிகளுக்கே. இங்கே அதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

அட்டர்னி பவரில் "விற்கவும் உறுதி முடிக்கவும்" என்ற அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இங்கே பதியப்பட்டும் இருக்க வேண்டும். பராமரிக்க, வாடகை வாங்கக் கொடுத்த பவரை வைத்து விற்க முடியாது. கொடுத்தவர் இறந்தால் பவரும் செத்துவிடும். கையெழுத்து நாளன்று அந்த மகளோடு வீடியோவில் பேசுங்கள்: விலை என்ன, பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். மாமாவின் சொந்தக் கணக்குக்குப் பணம் போடவே வேண்டாம்.

அண்ணாவின் பெயர் போட முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்துவிட்டால் தடை இல்லை. "இப்போது உங்கள் பெயரில் எழுதி, பிறகு பார்ப்போம்" என்பது குடும்பத்துக்குள் பிணக்குக்கு விதை. அவர் தருவது அன்பளிப்பா கடனா என்பதை இன்றே எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

கபுக்கல் எழுதியது:

வீட்டுப் பக்கத்தை நான் சொல்றன். நீங்கள் எழுதினதிலை எனக்கு முதல்ல உறுத்துறது மேல் மாடி. "பிற்காலத்தில் கட்டியது" எண்டால் இரண்டு கேள்வி வருது.

ஒண்டு, அனுமதி. மேல் மாடிக்கும் சேர்த்து அங்கீகரிச்ச பிளானும், பிளான்படிதான் கட்டினது எண்டு வேலை முடிஞ்ச பிறகு எடுத்த சி.ஓ.சி. சான்றிதழும் இருக்கோ எண்டு பிரதேச சபையில் விசாரியுங்கோ. கீழ் வீட்டுக்கு மட்டும் இருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் மேல் மாடியைக் கணக்கிலேயே எடுக்காமல் விடலாம். அப்ப பாதி விலைக்குக் கடன் எண்ட உங்கட கணக்கு உடைஞ்சுபோகும். வங்கி கேட்கிற விலையைப் பாக்கிறதில்லை, மதிப்பீட்டறிக்கையைத்தான் பாக்கும்.

மற்றது, பாரம். கந்தானைப் பக்கம் பழைய வீடுகள் கனக்க கபுக்கல் (செம்மண் நிலத்திலை வெட்டியெடுக்கிற கல்) சுவரும் கருங்கல் அத்திவாரமும். ஒரு மாடிக்குக் கட்டின சுவர் அது. மேல் மாடித் தூண்கள் கீழேயும் தொடர்ச்சியாக இறங்குதோ, இல்லாட்டி சிலாப் நேரே பழைய சுவரில் குந்திக்கொண்டு இருக்கோ எண்டு பாருங்கோ. கீழ் மாடி ஜன்னல் மூலையிலிருந்து சரிவாக மேலேறுற வெடிப்பு இருந்தால் கவனம். மயிரிழை வெடிப்பு பூச்சிலை வாறது, பெரிசில்லை. ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு உள்ளே போகிற வெடிப்பு, அதுவும் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிஞ்சால், சுவர் அசைஞ்சிருக்கு. புதுசாகப் பெயின்ற் அடிச்சிருந்தால் அலுமாரிக்குப் பின்னாலையும் படிக்குக் கீழையும் ரோச் அடிச்சுப் பாருங்கோ, அங்கை மறைச்சிருக்க மாட்டினம்.

மேசனிட்டை இருக்கிற தண்ணி மட்டக் குழாயைக் கொண்டு போங்கோ. நிலத்திலிருந்து மூண்டு அடி உயரத்தில் ஒரு மூலையிலை பென்சிலால் கோடு போட்டு, மற்ற மூலைகளுக்கு அந்த மட்டத்தைக் கடத்தி, அங்கிருந்து நிலத்துக்கு அளவுங்கோ. ஒரே அறைக்குள்ள ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம், கூடவே சுவரடிப் பட்டிக்கும் நிலத்துக்கும் இடையில் நீக்கல் எண்டால், கீழே நிரப்பின மண் இறங்கியிருக்கு. பக்கத்து மதில்கள் சரிஞ்சிருக்கோ எண்டும் ஒழுங்கை முழுக்க நடந்து பாருங்கோ. நிரப்பின காணியை மதில்தான் முதல்ல காட்டிக் குடுக்கும்.

கூரை மரத்தை ஸ்குரூ டிரைவராலை குத்துங்கோ, முக்கியமாக சுவரில் போய் ஏறுற நுனியை. உள்ளே புதைஞ்சால் கறையான். அஸ்பெஸ்டஸ் மாத்திற எண்ணம் இருந்தால் காய்ஞ்ச தகட்டை உடைக்கவோ வெட்டவோ விடாதேங்கோ. நனைச்சு, முழுத்தகடாகக் கழட்ட வேணும், அந்தத் தூசு சுவாசப்பைக்கு நஞ்சு. மேல் பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சிலாப்பில் மண்ணிறக் கறையோ, கொங்கிறீற் பொருக்கு விட்டுக் கம்பி தெரியிறதோ இருந்தால் கம்பி துருப்பிடிக்குது. பூசி மறைக்கிற விஷயமில்லை. எல்லாப் பைப்பையும் பூட்டிப்போட்டு, தாங்கி நிரம்பினாப் பிறகு தண்ணி மீற்றரைப் பாருங்கோ. சுத்தினால் எங்கேயோ ஒழுகுது.

கிணத்தை நம்பாதேங்கோ. 10 பேர்ச்சஸ் எண்டால் 2,722 சதுர அடி, கிட்டத்தட்ட 40க்கு 68. கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடி இடைவெளி எண்டது வழமையான கணக்கு. அந்த அளவு வளவுக்குள்ள உங்கட குழியைத் தள்ளி வைச்சாலும் பக்கத்து வீட்டின்ர குழி கிட்ட வந்துவிடும். குளிக்க, மரத்துக்கு விட நல்லது. குடிக்கிறதெண்டால் கொலிபோம் (மலத்திலை இருந்து தண்ணியில் கலக்கிற கிருமி) சோதனை செய்யாமல் வேண்டாம். குழி எங்கே இருக்கு எண்டு வீட்டுக்காரரைக் கேட்டு, மூடியைத் திறந்தே பாருங்கோ. கனபேருக்கு வீடு வாங்கினாப் பிறகுதான் அது போட்டிக்கோவுக்குக் கீழே எண்டு தெரியிறது.

ஓயாக்கரை எழுதியது:

இடத்தைப் பற்றி ஒரு விஷயம். கொழும்பு-நீர்கொழும்பு வீதி ஓரளவு மேட்டில் போகிறது. மேற்கே போகப் போக நிலம் முத்துராஜவெல சதுப்புக்கு இறங்கும். ஆகவே கந்தானை என்ற பெயரை மட்டும் வைத்து விலையை ஒப்பிட வேண்டாம், ஒரே சந்தியிலிருந்து இரண்டு பக்கமும் வேறு வேறு மண். வீதிக்குக் கிழக்கேயும் பழைய வயல் துண்டுகள் நிரப்பப்பட்டிருக்கின்றன. தாய் உறுதியிலோ (இப்போதைய உறுதிக்கு மூலமான பழைய உறுதி) பழைய பிளானிலோ காணியின் பெயர் "கும்புர" என்று முடிந்தால் அது வயல், "வத்த" என்றால் தோட்டம். வயலாக இருந்தால் நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி எடுத்த கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெள்ளத்துக்கு 2016 மே, 2024 ஒக்டோபர், 2025 நவம்பர் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். "வெள்ளம் வருமா?" என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். "2024 ஒக்டோபரில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது?" என்றால் கையால் காட்டுவார்கள். விற்பவரிடம் கேட்காமல் ஒழுங்கையின் முதல் வீட்டிலும் கிராம சேவகரிடமும் கேளுங்கள். கடைசி வீடு என்கிறீர்கள். ஒழுங்கை உள்ளே போகச் சரிகிறதா? சரிந்தால் மழைத்தண்ணீர் முழுவதும் உங்கள் கேற்றில்தான் முடியும். ஒரு பெரிய மழை பெய்து அரை மணி நேரத்துக்குள் போய்ப் பார்ப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

போக்குவரத்துக்கு நல்ல இடம். புத்தளம் பாதை ரயில் உண்டு, 240 பஸ் வாசலில். அதிவேகப் பாதைக்கு ஏற ஜா-எல போக வேண்டும், கந்தானையில் நுழைவாயில் இல்லை. ஜனவரியில் புனித செபஸ்தியார் திருவிழாக் காலத்தில் சந்தி வாகனத்தால் நிரம்பும், அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

கடைசிவீடு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தாய் இருக்கிறார், மகளோடு லண்டனில்தான். ஒழுங்கை உள்ளே போகச் சற்றுச் சரிவுதான். பிளானில் ஒழுங்கை 10 அடி என்று போட்டிருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு இடத்தில் மதில் முன்னால் வந்து 8 அடி போலத் தெரிகிறது. சபை தார் போட்டிருப்பதால் பிரச்சினை இல்லை என்கிறார் புரோக்கர். அரசாங்கச் செலவு எவ்வளவு வரும்?

உறுதிப்பெட்டி எழுதியது:

தார் போட்டது வழி உரிமைக்கு அத்தாட்சி ஆகாது. கடைசி வீட்டுக்கு வழிதான் உயிர். அந்த ஒழுங்கை சபை பொறுப்பேற்ற வீதியா, தனியார் வழியா என்று சபையின் வீதிப் பதிவேட்டில் பாருங்கள். தனியார் வழி என்றால், பிளானில் ஒழுங்கை தனித் துண்டாகக் காட்டப்பட்டு, உங்கள் உறுதியின் அட்டவணையில் "இன்ன துண்டின் மேல் வழி உரிமையோடு" என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த வாசகம் தாய் உறுதியில் இருந்தும் நன்கொடை உறுதியில் விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள்.

8 அடி இடத்துக்கு, பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு காணியோடு ஒழுங்கையையும் சந்திவரை புதிதாக அளப்பியுங்கள். பிளானும் நிலமும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே எத்தனை அடி என்று அவர் எழுதித் தருவார். அந்த மதில் பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே நிற்கிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் நீண்டகாலம் வைத்திருந்ததால் உரிமை தரும் 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. அதைச் சரிப்படுத்துவது விற்பவரின் வேலை, உறுதி முடிய முதல். சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழும் எடுங்கள். எதிர்கால அகலிப்பு உங்கள் முன்வளவில் எத்தனை அடி தின்னும் என்று அதில் தெரியும். வரி மதிப்பேட்டில் உரிமையாளர் பெயரும் நிலுவையும் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

செலவு: மேல் மாகாணத்தில் முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடிக்கு 3,000உம் 1,196,000உம் சேர்த்து 1,199,000 ரூபாய். இதை வாங்குபவர்தான் கட்டுவது, வங்கி இதற்குக் கடன் தராது. நொத்தாரிசுக் கட்டணம், ஈட்டு உறுதிச் செலவு, மதிப்பீடு, அளவை எல்லாம் இதற்கு மேல். தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்: தீர்வை சந்தைப் பெறுமதிக்குத்தான் கணிக்கப்படும், வித்தியாசத்தைப் பிறகு உங்களிடம் கேட்பார்கள். நாளை விற்பனை உடைந்து காசைத் திருப்பிக் கேட்க நேர்ந்தாலும் உறுதியில் உள்ள தொகைதான் பேசும்.

தாய் லண்டனில் என்றால் அவருடைய சம்மதத்துக்கும் தனி அட்டர்னி பவர் தேவை. மகள் கொடுத்த பவர் தாய்க்குச் செல்லாது. லண்டனிலுள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் கையெழுத்திட்டு இங்கே அனுப்பிப் பதிய நாள் பிடிக்கும், ஆகவே ஒரு மாத உடன்படிக்கை போதாது. மூன்று மாதமாவது கேளுங்கள்.

கையெழுத்து நாள் காலையில் பதிவேட்டை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பணம் வங்கி வரைவாகப் போகட்டும். உறுதி முடிந்த அன்றே மூலப் பிரதியைப் பதிவுக்குக் கொடுக்கச் சொல்லி நாட்குறிப்பு இலக்கத்தை (பதிவகம் உறுதியை ஏற்றதும் போடும் இலக்கம்) கேட்டு வாங்குங்கள். நொத்தாரிசு அடுத்த மாதம் பதிவகத்துக்கு அனுப்பும் இரண்டாம் பிரதி வேறு, உங்கள் பதிவு வேறு. இரண்டையும் ஒன்றென நினைத்து ஆட்கள் மாதக் கணக்கில் உறுதியைப் பதியாமல் விட்டுவிடுகிறார்கள்.