புதுப்பிப்பு: ஹெவி மெட்டல் கேட்க ஆரம்பித்தாயிற்று

இளையராஜாவைத் தாண்டி அதிகம் போகாதவன், ஹெவி மெட்டல் என்கிற கனத்த ராக் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து இசைக்குழுவைச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1970-இல் வந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தில் தொடங்கி, இப்போது அயர்ன் மெய்டன் என்ற இன்னொரு குழு வரை வந்துவிட்டேன்.

என்னைப் பிடித்து இழுத்தது பிளாக் சாபத்தின் டோனி ஐயோமி வாசித்த கிட்டார்தான். பர்மிங்ஹாமில் ஒரு தகடு ஆலையில் வேலை பார்த்தபோது, 17 வயதில், அவருடைய வலது கையில் இரண்டு விரல்நுனிகள் எந்திரத்தில் போய்விட்டன. மனிதர் இடதுகைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். அப்புறம் கம்பிகளைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினார். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகள் மூன்று அரைச்சுரம் கீழே. அந்தக் கனம் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காருகிறது!

டிரம்ஸ் எனக்குச் சிரமமே தரவில்லை. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கோயில் கொடையில் நடுச்சாமத்தில் சாமி வந்து ஆடும்போது நையாண்டி மேளம் வேகமெடுக்குமே, அதைக் கேட்டு வளர்ந்த காது இது.

டெத் மெட்டல் என்ற வகையில் பாடகர்கள் உறுமுவதுதான் இன்னும் ஒட்டவில்லை. “அவனுக்கு என்னலே அவ்வளவு கோவம்?” என்று அம்மா கேட்கிறாள். சரி, நியாயமான கேள்விதான். அடுத்து மெதுவாகப் போகும் டூம் மெட்டல் கேட்கப் போகிறேன். நல்ல ஆல்பம் தெரிந்தால் சொல்லுங்கள்.