பாட்டுத் தலைப்பின் எழுத்துக்கு ஒரு சொல் வேண்டும்

கோபியிலிருந்து:
அன்புடையீர், திங்கட்கிழமை மொழிபெயர்ப்பு வகுப்புக்குள் ஒரு சொல் தேவை. பில்லி ஐலிஷின் 2019 தொகுப்பிலுள்ள ‘பேட் கய்’ பாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பலகையில் எழுதும்போது, பழக்கத்தில் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். “அது வேணும்னே சின்ன எழுத்துல வெச்சதுங்க மிஸ்” என்றாள் ஒரு மாணவி. படித்தால் முணுமுணுப்பது போலத்தான் இருக்கிறது. அதே பாடகியின் 2024 தொகுப்பில் தலைப்பெல்லாம் பேரெழுத்து. அதைக் கத்தல் என்றும் சொல்ல முடியவில்லை. முதல் பாட்டு ‘ஸ்கின்னி’ அத்தனை மெதுவானது. இந்த எழுத்து வழக்கத்தை என்னவென்று சொல்ல?

பெருந்துறையிலிருந்து:
எழுத்துக்கோலம். எழுத்தின் உருவம் பற்றிக் கொங்கு நாட்டார் பேசாமல் யார் பேசுவது? பவணந்தியார் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்றுதானே சொல்லி வருகிறோம். எகர ஒகரமும் மெய்யும் புள்ளி பெறும் என்று நன்னூலில் விதித்தாரே, ஒரு புள்ளியில் எழுத்தே மாறிவிடும். அந்தப் புள்ளியை எகர ஒகரத்திலிருந்து வீரமாமுனிவர் எடுத்தது சரியா என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து:
ஐயா, பனியன் பிரிண்டிங்கில் இருக்கிறேன். இங்கே ‘சின்ன ஏபிசிடி, பெரிய ஏபிசிடி’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். சிற்றெழுத்து என்றால் சைஸ் குறைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்குப் புரிகிற சொல்லாகக் கொடுங்க.

பொள்ளாச்சியிலிருந்து:
கோலம் என்றால் அலங்காரம். சின்ன எழுத்திலோ இருக்கிற அலங்காரத்தையும் கழற்றிவிடுகிறார்கள். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை, எழுத்தின் ஓசையை நீட்டும் அளபெடை இருக்கிறது. ‘கெடுப்பதூஉம்’ என்ற குறளில் ஓசை குறையாத இடத்திலும் இனிமைக்காகவே நீள்கிறது. எனவே வரியளபெடை.

கோபியிலிருந்து:
அம்மா, அளபெடை காதுக்குக் கேட்கும். இது வாயால் சொன்னதும் மறைந்துவிடுகிறதே! ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரின் 2017 தொகுப்பில் ‘ஹம்பிள்’ முழுக்கப் பேரெழுத்து, கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. பணிவு என்ற சொல் அதட்டலாக நிற்கிறது. அது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ‘வரிக்குறிப்பு’ சரிவருமா?

திருப்பூரிலிருந்து:
வரி என்றால் எங்கள் ஊரில் ஜிஎஸ்டிதாங்க நினைவுக்கு வரும்.

பெருந்துறையிலிருந்து:
வரி என்பது கோடு. வரிப்புலி, வரிக்குதிரை, வரிவடிவம் எல்லாம் அந்த வழிதான். ஜிஎஸ்டிக்குப் பயந்து ஒரு நல்ல வேர்ச்சொல்லைக் கைவிடலாமா? கோலத்தை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், வரியை விட மாட்டேன்.

கோபியிலிருந்து:
ஞாயிறு இரவாகிவிட்டது. தனிமடலில் மூன்று பேர் ‘எழுத்துப்பாங்கு’ என்றார்கள். திருப்பூர்த் தம்பியும் விளங்குகிறது என்கிறார். பாடக்குறிப்பில் அதையே போடுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து:
போடுங்கள். ஆனால் பாங்கு என்பதில் மனநிலை இல்லை. அந்தப் பெண் உங்களைத் திருத்தியது பாங்குக்காக அல்ல, அந்த முணுமுணுப்பு போய்விட்டதே என்றுதான். அவளையே ஒரு சொல் கேட்டுப் பாருங்களேன்.