கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கினேன், கோளாறு பிரீதர் ஹோஸில் (இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) இருந்தது: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

திண்டுக்கல் டீசல்:
எண்ணெய்க் கசிவுக்காக எட்டு மாதத்தில் இரண்டு தடவை கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலை மாற்றினேன். இரண்டு தடவையும் கியர்பாக்ஸை இறக்கித்தான். டர்போ டீசல், 1,12,000 கி.மீ. ஓடிய வண்டி. முதல் தடவை சீல் பழசு என்றார்கள், சரி. அடுத்த தடவை சீல் சரியாக உட்காரவில்லை என்றார்கள். போர்டிகோவில் மூன்றாவது முறையும் அதே இடத்தில் அதே வட்டக் கறை. இனிமேல் சீலைக் குறை சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

பைபாஸ் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டிப் பிடித்துக்கொண்டார். முதலில் கட்டைவிரல் எழுந்தது. அப்புறம் மற்ற நான்கும். அரை நிமிடத்தில் கறக்காத மாட்டின் மடி மாதிரி விம்மி நின்றது. "காத்து போக வழியில்லப்பா, சீல் என்ன பண்ணும்?" என்றார். பிரீதர் ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினார். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. உள்ளே ரப்பர் உப்பி ஒட்டிக்கொண்டு, தார் மாதிரி அடைத்திருந்தது. ஹோஸை மாற்றி, டேப்பெட் கவரில் (இன்ஜினின் மேல் மூடி) இருக்கும் ஆயில் பிரிப்பானைக் கழுவி மாட்டியதும் கசிவு நின்றது. இரண்டு சீல் காசை நினைத்தால்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை.

ஐந்தாம் கியர்:
கையுறை வைத்தியம் டீசலுக்குச் சரி. டர்போ பெட்ரோல் வைத்திருப்பவர்கள் அதை நம்பி ஏமாந்துவிட வேண்டாம். ஐடிலில், அதாவது மிதிக்காமல் நின்று ஓடும்போது, என் வண்டி யோக்கியமாகத்தான் இருந்தது, கையுறை அசையவே இல்லை. பெட்ரோலில் மெதுவாகப் போகும்போது இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் உறிஞ்சலே கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) காற்றை இழுத்துக்கொள்ளும். மிதித்து டர்போ அழுத்தம் ஏறினால் அதே மேனிஃபோல்ட் எதிர்ப்பக்கமாக ஊதும். ஊதிய காற்று கிராங்க்கேஸுக்குள் போகாமல் தடுக்க ஒரு சின்ன ஒருவழி வால்வு உண்டு. பிஸ்டன் ரிங் வழியாகக் கசிகிற வாயு அப்போது இன்னொரு ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் போய்ச் சேரும். என் வண்டியில் அந்த வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது.

ஐந்து பேர், முழு லக்கேஜ், ஏற்காடு ஏற்றம். எண்ணெய் கருகும் வாடை வந்து பானெட்டைத் திறந்தால், எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் நான்கு விரற்கடை வெளியே எழும்பி நிற்கிறது! பானெட்டின் உள்பக்கமெல்லாம் எண்ணெய்த் தெளிப்பு. அழுத்தி உள்ளே தள்ளினேன். அடுத்த கொண்டை ஊசி வளைவிலேயே மறுபடி எழும்பிவிட்டது. விரல் நீளம்கூட இல்லாத வால்வு அது.

தொப்பூர் ஏற்றம்:
டிப் ஸ்டிக் எழும்பியதே உங்கள் அதிர்ஷ்டம். என் டீசலில் எண்ணெய் வெளியே வரவில்லை, டர்போ வழியாக உள்ளே போனது. சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது கணவாய் ஏற்றத்தில் பிக்கப் தானாகக் கூடியது. காலை எடுத்தும் குறையவில்லை. பின்னால் வந்த லாரியே தெரியாத அளவுக்கு நீலப் புகை. ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டேன். சாவி கையில் இருக்கிறது, இன்ஜின் கத்திக்கொண்டே இருக்கிறது. தன் எண்ணெயையே குடித்து ஓடுகிற டீசலுக்குச் சாவி ஒரு பொருட்டே இல்லை. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, ஐந்தாவது கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டேன். வண்டி குலுங்கி நின்றது. மனைவி அதற்குள் குழந்தையோடு இறங்கி ஓடியிருந்தாள்.

டர்போ போச்சு என்று சொல்லிப் புது டர்போ போட்டார்கள். பத்தாவது நாளே அதுவும் புகைத்தது. டர்போவிலிருந்து எண்ணெய் தன் எடையால்தான் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கு இறங்க வேண்டும். சம்பில் அழுத்தம் நிற்கும்போது எங்கே இறங்கும்? பிரீதரும் அடைத்திருக்கிறது, சர்வீஸில் எண்ணெயையும் மேல் கோட்டுக்கு மேலேயே ஊற்றியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஏற்றத்தில் பிக்கப் நன்றாக வந்தால் எனக்குப் பயம்தான்.

நீலகிரிக்காரர்:
எனக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் 3 கி.மீ. ஊட்டிக் குளிரில் இன்ஜின் சூடாகும் முன்பே போய்ச் சேர்ந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சள் வெண்ணெய் மாதிரி அப்பியிருக்கும். ஹெட் கேஸ்கெட் போய் கூலன்ட் எண்ணெயில் கலக்கிறது என்று ஒருவர் பயமுறுத்தினார். கூலன்ட் ஒரு சொட்டும் குறையவில்லை, வெறும் நீராவிதான். வாரம் ஒருமுறை குன்னூர் வரை போய்வந்ததும் சரியானது.

இருந்தாலும் எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். பிரீதர் ஹோஸைப் பிடுங்கிக் கீழே தொங்கவிடச் சொல்லும் மெக்கானிக்கின் பேச்சைக் கேட்காதீர்கள். கிராங்க்கேஸ் புகையைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் ஏற்பாட்டைக் கலிஃபோர்னியா 1961-லேயே கட்டாயமாக்கிவிட்டது. கேட்ச் கேன் (அந்தப் புகையிலுள்ள எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பா) மாட்டுவதானால் உள்ளே வலையோ தடுப்போ இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் டப்பாவில் எண்ணெய் தங்காது. ஹோஸ் பழையதை விடக் குறுகலாக இருக்கக் கூடாது, நீங்களே அடைப்பு உண்டாக்கியதாக ஆகிவிடும். மாதம் ஒருமுறை வடியுங்கள், எங்கள் ஊர்க் குளிரில் இன்னும் சீக்கிரம். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பதற வேண்டாம், தேங்கி நின்றால்தான் கவலை. பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்யும்போது டீசல் கலந்து எண்ணெய் மட்டம் ஏறும், அதனால் டிப் ஸ்டிக்கை…

தொப்பூர் ஏற்றம்:
சார், கேட்ச் கேன் பற்றி இங்கே யாருமே கேட்கவில்லையே.

நீலகிரிக்காரர்:
கேட்ட பிறகு சொன்னால் வண்டி கணவாயில் நிற்கும் தம்பி.

புதுசு:
இதையெல்லாம் படித்துவிட்டு இப்போதுதான் கீழே போய் வந்தேன். என்னுடையது டர்போ பெட்ரோல். மூன்று மாதமாக ஐடிலில் விசில் மாதிரி ஒரு சத்தம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கப் பார்த்தேன், உள்ளே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வர மறுத்தது. டிப் ஸ்டிக்கை லேசாக உருவினேன். சத்தம் பட்டென்று நின்றது. திரும்பச் செருகினேன், வந்துவிட்டது. உறிஞ்சலை அளவோடு வைக்க டேப்பெட் கவரில் இருக்கிற வால்வின் சவ்வு கிழிந்திருக்கிறது போல. பெல்ட் சத்தம் என்று இதுவரை இரண்டு பெல்ட் மாற்றியிருக்கிறேன்.