ஸ்கூலுக்கு இலக்கு வைக்கிறதா இருந்தா எண்ணிப் பாக்கற மாதிரி வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம ஊர் ஸ்கூலுக்கு என்ன உதவி செய்யலாம்னு போன வாரம் வந்த மடல் அத்தனையும் நேத்து ராத்திரி உக்காந்து படிச்சேன். கல்வித் தரத்தை உயர்த்தணும், பிள்ளைங்க நல்லா வரணும், ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாம்னு எல்லாரும் மனசார எழுதியிருக்கீங்க. ஆனா வருஷக் கடைசியில ஒருத்தர் வந்து, சரிப்பா, தரம் உயர்ந்துச்சா இல்லையான்னு கேட்டா நம்மகிட்ட என்ன பதில் இருக்கும்? போர்டு மாட்டின போட்டோ இருக்கும். அது நாம செலவு பண்ணதுக்கு அத்தாட்சி, பிள்ளைங்க கத்துக்கிட்டதுக்கு இல்ல.

அண்ணன் ஒருத்தர் "அப்ப எப்படித்தான் இலக்கு வைக்கிறது, நீயே சொல்லும்மா"ன்னு கேட்டிருந்தார். இப்படி ஒரு வாக்கியமா எழுதிப் பாருங்கண்ணா: மூணாம் கிளாஸ் 30 பேர்ல இன்னைக்கு 11 பேர் ஒரு சின்னக் கதையைத் திக்காம படிக்கிறாங்க, இந்த வருஷம் முடியறதுக்குள்ள 22 பேர் படிக்கணும். யாரு, எதை, எத்தனை பேர், எப்போக்குள்ள, எல்லாம் அதுக்குள்ள வந்துடுச்சு. இதுல எல்லாரும் விட்டுடறது அந்த 11தான், அதாவது இன்னைக்கு எங்க நிக்கிறோம்ங்கிற கணக்கு. அதை எடுக்காம 80 சதவீதம், 90 சதவீதம்னு வைக்கிறது வெறும் ஆசை.

நான் இப்ப இருக்கிற இடத்துல பக்கத்து ஸ்கூலுக்கு வாரம் ரெண்டு நாள் வாசிப்பு உதவிக்குப் போறேன். அங்க எப்படி அளக்கிறாங்கன்னு சொல்றேன். பிள்ளைகிட்ட ஒரு பத்தி இருக்கும், அதே பத்தி என்கிட்டயும் இருக்கும், டைமர்ல ஒரே ஒரு நிமிஷம். தப்பாப் படிச்ச வார்த்தை மேல நான் பென்சில்ல ஒரு கோடு போடுவேன், நிமிஷம் முடிஞ்சதும் சரியாப் படிச்ச வார்த்தையை மட்டும் எண்ணி எழுதிக்குவோம், அவ்வளவுதான். ஒரு பையன் முதல் தடவை 23 வார்த்தை படிச்சான். ஆனா அந்த 23ஐ விட எனக்கு விஷயம் சொன்னது அந்தப் பென்சில் கோடுங்கதான், எல்லாமே நீளமான வார்த்தை மேலயே இருந்துச்சு, முதல் ரெண்டு எழுத்தைப் பாத்துட்டு மீதியை அவனா ஊகிச்சுட்டுப் போயிருக்கான். டீச்சர்கிட்ட தாளைக் காட்டினேன், அவங்க தினமும் பத்து நிமிஷம் நீள வார்த்தையைத் துண்டு துண்டாப் பிரிச்சு வாசிக்க வச்சாங்க. ஆறு வாரம் கழிச்சு 41. விரலை வரிக்குக் கீழ வச்சு நகத்திக்கிட்டே படிப்பான், அன்னைக்கு விரலை எடுத்துட்டான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

டைமர் கூட வேண்டாம்னா பிரதம்ங்கிற கல்வித் தொண்டு அமைப்பு 2005லேர்ந்து, பிள்ளைங்க எவ்வளவு படிக்கிறாங்கன்னு பாக்கற அசர் கணக்கெடுப்புல செய்ற மாதிரி செய்யலாம். எழுத்து, சொல், பத்தி, கதைன்னு வரிசையா இருக்கும், பிள்ளை எந்தப் படி வரைக்கும் ஏறுதோ அதைக் குறிச்சுக்கணும். கதைங்கிறதே ரெண்டாம் கிளாஸ் அளவுதான்.

வருகைப் பதிவும் நல்ல அளவுகோல்தான், ஆனா சராசரி ஏமாத்தும். 30 பேர் கிளாஸ், 200 நாள் ஸ்கூல்னு வைங்க. 24 பேர் ஆளுக்கு 8 நாள் லீவு, மீதி 6 பேர் ஆளுக்கு 32 நாள் லீவு. சராசரி போட்டா 93.6 சதவீதம் வரும், பாக்க அழகாத்தான் இருக்கும், அந்த ஆறு பிள்ளை அதுக்குள்ள காணாமப் போயிடும். அதனால அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி நாட்டுல 10 சதவீத நாளோ அதுக்கு மேலயோ யாரு வரலைன்னு தனியா எண்றாங்க, 200க்கு 20 நாள், கிட்டத்தட்ட மாசத்துக்கு ரெண்டு நாள். அந்தப் பேர் பட்டியல் கையில இருந்தா ஏன் வரலைன்னு வீட்டுக்குப் போய்க் கேக்க முடியும்.

இப்ப நான் பயப்படற விஷயம். அமெரிக்காவுல 2002ல கையெழுத்தான சட்டம் ஒண்ணு, 2014க்குள்ள எல்லாப் பிள்ளையும், ஒண்ணு பாக்கி இல்லாம, வாசிப்புலயும் கணக்குலயும் தேறணும்னு சொல்லுச்சு. தேறலைன்னா ஸ்கூல் மேல நடவடிக்கை. என்ன ஆச்சுன்னா, பாஸ் மார்க்குக்கு ரெண்டு மார்க் கம்மியா இருக்கிற பிள்ளையை மட்டும் புடிச்சு உருட்டி, ரொம்பப் பின்னாடி இருக்கறதை அப்படியே விட்டுட்ட ஸ்கூல்கள் உண்டு. அட்லாண்டாவுல அதுக்கும் மேல போயிட்டாங்க, டீச்சர்களே விடைத்தாள்ல அழிச்சு திருத்தினது வெளிய வந்து, 2011 விசாரணை அறிக்கையில 44 ஸ்கூல்ல 178 பேர் சிக்கினாங்க. நம்பரை வச்சு ஆளை மிரட்டினா நம்பர் மட்டும்தான் ஏறும். அதனால நாம பணம் கொடுக்கிறோம்ங்கிறதுக்காக டீச்சர்களைக் கேள்வி கேக்கற கூட்டமா ஆயிடக் கூடாதுன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன். இலக்கை அவங்கதான் வைக்கணும், அதுக்கு என்ன வேணும்னு கேட்டு நாம கொடுக்கணும்.

ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி எண்ணணும். வருஷ முடிவுல எண்ணினா அந்தப் பிள்ளை அடுத்த கிளாஸுக்கே போயிருக்கும், என்ன பிரயோஜனம்? எண்ணிக்கை நகரலைன்னா இலக்கைக் குறைக்காம சொல்லித்தர முறையை மாத்திப் பாக்கணும், ஒரே நேரத்துல அஞ்சாறு விஷயத்தை மாத்தினா எதனால நகர்ந்துச்சுன்னே தெரியாது, ஒண்ணொண்ணா மாத்தணும்.

இலக்கு ஒண்ணு போதும், மிஞ்சினா ரெண்டு. எட்டு இலக்கு வச்ச ஸ்கூல்ல எதுவும் நடந்து நான் பாத்ததில்ல.

இந்த முதல் கணக்கை எடுக்கிற வரைக்கும் ஸ்மார்ட் போர்டு முடிவை நிறுத்தி வைக்கலாமா? ஹெச்.எம். கிட்ட நான் பேசறேன், மூணாம் கிளாஸ் பிள்ளைங்களை ஒருத்தர் ஒருத்தரா படிக்க வச்சு எண்ண ரெண்டு நாள் ஆகும், அதுக்கு அவங்க சம்மதிக்கணும். லீவுல ஊருக்குப் போறவங்க யாராவது டீச்சர் கூட உக்காந்து உதவ முடியும்னா எனக்குத் தனி மடல் போடுங்க, தாளெல்லாம் நான் தயார் பண்ணி அனுப்பறேன்.