சூப்பர்சார்ஜர் காரில் பெல்ட் சத்தம், மலையேற்றத்தில் இழுவைக் குறைவு: காரணத்தை எப்படி உறுதிசெய்வது?

கேள்வி | பொள்ளாச்சி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் அதற்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜரும் கொண்ட பழைய கார். சூப்பர்சார்ஜர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர் அனைத்தையும் ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது. சில மாதங்களாகக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் சீரான இடைவெளியில் ‘கீச், கீச்’ என்று சத்தம் வருகிறது. சமவெளியில் வேறு குறை தெரியவில்லை. ஆழியாற்றைத் தாண்டி வால்பாறை ஏறும்போதுதான், கொண்டை ஊசி வளைவில் திரும்பி இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டும்படி மிதித்தால், கிடைத்துக்கொண்டிருந்த இழுவை திடீரென்று தளர்ந்துவிடுகிறது.

பெல்ட்டை மாற்றியாயிற்று. புதிய பெல்ட்டும் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் பிசிறடித்துவிட்டது. அதைச் சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருக்கிறது. வேலை பார்த்தவர், சூப்பர்சார்ஜரின் பேரிங் போய்விட்டது, யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார். அது பெரிய செலவு என்பதால், குறை அங்கேதான் இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் வீட்டருகே தென்னைநார் ஆலை இருக்கிறது. அந்தத் தூசி காரணமாக இருக்குமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி | கோவை, கணபதி

வணக்கங்க. நான் பட்டறை வைத்திருக்கிறேன். எதையும் வாங்குவதற்கு முன், சத்தத்தின் தன்மையைப் பிரித்தறிய வேண்டும். விட்டுவிட்டு ஒரே தாளத்தில் வரும் கீச்சொலி பெரும்பாலும் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததைக் காட்டும். சுமை ஏறியதும் இழுத்துக் கத்தும் நீண்ட ஒலி, பெல்ட் போதிய இறுக்கமின்றி வழுக்குவதைக் காட்டும். இதைச் சோதிக்க எளிய வழி தண்ணீர்தான். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் சிறிதளவு தெளியுங்கள். சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் மீண்டும் வந்தால் நேர்க்கோடு தவறியிருக்கலாம். தெளித்த உடனே கூடினால், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைச் சந்தேகிக்க வேண்டும். வேட்டி நுனி, துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் அருகே வரக்கூடாது.

இழுவைக் குறைவைத் தனியாகப் பாருங்கள். ரூட்ஸ் வகை ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு காற்றைத் தள்ளுவது. ஆகவே மலையேறும்போது, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, ஸ்கேனரில் இன்டேக் அழுத்தத்தைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். குறைந்த சுற்றிலிருந்தே அழுத்தம் குறைவாக இருந்தால், தள்ளிய காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு மூடாமல் நிற்கிறதா, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கீழே சரியாக ஏறிவிட்டு, மேல் சுற்றில் மட்டும் சரிந்தால், இன்ஜின் சுழலும் வேகத்துக்கு ஏற்பச் சூப்பர்சார்ஜர் சுழலவில்லை, வழியில் ஏதோ வழுக்குகிறது என்று கொள்ளலாம். அடைபட்ட ஏர் ஃபில்டரும் மேல் சுற்றில்தான் குறை காட்டும் என்பதால், அதை முதலிலேயே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பேரிங்கைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்க, இன்ஜின் ஆறிய பின் பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். சூப்பர்சார்ஜர் உறுத்தலின்றிச் சுழல வேண்டும், புல்லியில் ஆட்டம் இருக்கக்கூடாது. பெல்ட்டை வழிநடத்தும் உருளையான ஐட்லரும் டென்ஷனர் உருளையும் கரகரத்தாலோ, ஓரத்தில் கிரீஸ் கசிந்திருந்தாலோ, அவற்றை மாற்ற வேண்டியதுதான். பெல்ட் இல்லாமல் இன்ஜினைச் சில விநாடிகள் ஓட்டி, சத்தம் நிற்கிறதா என்றும் கேட்கலாம். வாட்டர் பம்ப் சுழலாது என்பதால் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள்.

நார்த்தூசி புல்லியின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் சத்தம் வரும். பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ஆனால் ஒரு பக்க ஓரம் மட்டும் பிசிறுவதற்குத் தூசி காரணமாகாது. பெல்ட்டில் பூசும் ஸ்ப்ரே எதையும் அடிக்காதீர்கள். அது சத்தத்தை மறைத்துத் தூசியை மேலும் ஒட்டவைக்கும்.

மறுமொழி | உடுமலை

தம்பி, நான் நூற்பாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓரம் பிசிறுகிறது என்று நீங்கள் எழுதியதுதான் முக்கியமான தடயம். மில்லில் மோட்டார் புல்லிக்கும் மெஷின் புல்லிக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்ப்போம். காரில் அதற்கு இடமிருக்காது, நேரான இரும்புப் பட்டையை இரண்டு புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். லேசர் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தப் பெல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 3.56 மில்லிமீட்டர்தான் என்பதால், சிறிய விலகலே ஓரத்தைத் தின்றுவிடும்.

இன்ஜின் தண்டின் நுனியிலிருந்து பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியை யாரும் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பல கார்களில் அது ஒரே வார்ப்பு அல்ல. உள்ளே ஒரு குடம், வெளியே பள்ளமுள்ள வளையம், இரண்டுக்கும் நடுவில் அதிர்வை வாங்கும் ரப்பர். ரப்பர் மூத்துப் பிடிப்பு விட்டால், வெளி வளையம் முன்னோ பின்னோ நகர்ந்து பெல்ட்டைச் சாய்க்கும். சுமை கூடும்போது குடம் சுற்ற, வளையம் பின்தங்கும். காலைச் சத்தம், ஓரப் பிசிறு, மேட்டில் இழுவை நிற்பது என்ற மூன்றுக்கும் இந்த ஒரு குறையே போதுமானது. குடம், ரப்பர், வளையம் மூன்றையும் தொடுமாறு வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, மேட்டில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

கேள்வி கேட்டவர் | பொள்ளாச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர் தெளித்ததும் சத்தம் அடங்கி, பிறகு திரும்பி வந்தது. ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது. சூப்பர்சார்ஜர் புல்லியில் உறுத்தலோ ஆட்டமோ இல்லை. ஐயா சொன்னபடி போட்ட கோடு, வளையத்தில் தெளிவாக விலகி நிற்கிறது. ரப்பர் ஓரத்தில் வெளியே பிதுங்கியும் இருக்கிறது. கிராங்க் புல்லி வந்து சேரும்வரை, மலைக்குப் போகாமல் ஊருக்குள் மட்டும் ஓட்டலாமா?

மறுமொழி | கோவை, கணபதி

ஓட்டாதீர்கள். வளையம் முழுவதும் கழன்றால் பெல்ட் தெறித்துவிடும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருப்பதால் இன்ஜின் சூடேறிவிடும், ஸ்டீயரிங்கும் அந்தக் கணமே இறுகிவிடும். புல்லியோடு அதன் நடு போல்ட்டையும் புதிதாக வாங்குங்கள். பல இன்ஜின்களில் அது ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை, மறுபடி பயன்படுத்தக்கூடாது. ஓரம் பிசிறிய பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். மாட்டியதும் எல்லா வரிகளும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே கிளப்புங்கள். ஐட்லிங்கில் டென்ஷனர் கை துள்ளிக்கொண்டே இருந்தால், அதையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.