வடபுறப் பாத்தியில் நிழல்செடிகள் கருகுகின்றன: எந்தப் பல்லாண்டுச் செடிகளை நடலாம்?

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். செந்தூலில் இரட்டை மாடி மூலை வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். பக்கச் சுவரை ஒட்டி நான்கடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள ஒரு பாத்தி இருக்கிறது. அதன் பின்கோடியில் என் மாமியார் நட்டு வளர்த்த மாமரம் நிற்கிறது. சென்ற டிசம்பரில் இடத்தைப் பார்த்தபோது நாள் முழுவதும் வெயிலே விழவில்லை. அதனால், அடிக்கடி பிடுங்கி மாற்ற வேண்டாத செடிகளாக இருக்கட்டும் என்று நிழலில் வளரும் அழகுச் செடிகளான கலாத்தியா, அக்லோனிமா, பீஸ் லில்லி ஆகிய மூன்றையும் சுங்கை பூலோ நர்சரிகளில் தேடி வாங்கி நட்டேன்.

தைப்பூசத்தின்போது வந்த உறவினர்கள் கன்று கேட்கும் அளவுக்கு அவை செழித்திருந்தன. சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் இலைகள் வெளுத்துக் கருகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணிக் காலையும் மாலையும் ஊற்றினேன்; பீஸ் லில்லி தொய்ந்து விழுந்துவிட்டது. மாமரத்தடியில் வைத்த செடிகள் கருகவில்லை, ஆனால் அவற்றின் இலைகளில் கரி பூசியது போல் ஒரு படலம் இருக்கிறது. இது நோயா, உரக் குறையா? வெளிநாட்டுக் காணொளிகளில் நிழலுக்கு ஹோஸ்டா என்ற செடியைப் பரிந்துரைக்கிறார்கள். அதை இங்கே வளர்க்க முடியுமா? வீட்டில் இரண்டு வயதுப் பேரனும் ஒரு பூனையும் இருப்பதையும் கருத்தில் கொண்டு வழி சொல்லுங்கள்.

பதில் (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

வணக்கம் அம்மா. செடியின் பெயரைச் சொல்வதற்கு முன் இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். பாத்தி வீட்டின் எந்தத் திசையில் இருக்கிறது? கருகிய இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், பச்சை முடிந்து கருகல் தொடங்கும் எல்லை எப்படி இருக்கிறது? இறந்துபோன பீஸ் லில்லியைத் தோண்டி அதன் வேரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

வடபுறம், ஐயா. நீங்கள் சொன்ன பிறகுதான் இலையை உற்றுப் பார்த்தேன். அக்லோனிமாவில் ஓர் இலையின் மேல் இன்னோர் இலை படிந்திருந்த இடம் மட்டும், மேலிலையின் வடிவத்திலேயே அச்சுப் பதித்தது போல் பச்சையாக இருக்கிறது. அதற்கு வெளியே இலை வெளுத்து, காய்ந்த காகிதம் போல் விரலில் நொறுங்குகிறது. பீஸ் லில்லியின் வேர் பழுப்பாக இருந்தது. பிடித்து இழுத்ததும் மேல்தோல் உறை போல் கழன்று வந்து, உள்ளே நூல் போன்ற ஒரு நரம்பு மட்டுமே மிஞ்சியது. சாக்கடை நாற்றம் வீசியது.

பதில் (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

அப்படியானால் இலைக்கு வந்தது நோயன்று, வெயில் சுட்ட புண். நோயாக இருந்தால் மேலிலையின் நிழலைப் பார்த்து ஒதுங்கியிராது. வேருக்கு வந்தது அழுகல். அது இரு வேளைத் தண்ணீரால் வந்தது. வேர் நீரில் மூழ்கி மூச்சடைத்தாலும் பீஸ் லில்லி தாகத்தால் வாடுவது போலவேதான் தொய்யும், ஆகவே பலரும் இங்கே ஏமாந்துவிடுகிறார்கள். இனி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாத நாளில் மட்டும் ஊற்றுங்கள்.

வெயில் எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் முதன்மையான செய்தி. நாம் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில் இருக்கிறோம். கோலாலம்பூர் ஏறக்குறைய 3 பாகையில் உள்ளது. ஆகவே உச்சிச் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. மார்ச் இறுதியில் அது உங்கள் தலைக்கு நேர்மேலே வந்து வடக்கே தாண்டும்; செப்டம்பர் நடுவில் மறுபடியும் தலைக்கு மேலே வந்து தெற்கே திரும்பும். நீங்கள் டிசம்பரில் பார்த்தபோது சூரியன் தெற்கே 26 பாகை சாய்ந்திருந்தது. இருபதடிச் சுவர் நண்பகலில் பத்தடி நிழலை வடக்கே வீசியது. நான்கடிப் பாத்தி அதற்குள் முழுக்க அடங்கியது. ஜூனில் அதே சூரியன் வடக்கே 20 பாகை சாய்கிறது. இப்போது சுவரின் நிழல் தென்புறம் விழுகிறது, பாத்தியோ திறந்த வெயிலில் கிடக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் சூடு வேறு. நிழல் என்று நம்பி நட்ட இடம், ஆண்டில் பாதி நாள் வெயில் காடு.

நாளையே இதைச் சோதித்துப் பாருங்கள். நம் கடிகாரத்தில் உச்சி வேளை பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, பகல் ஒன்றேகால் மணியளவில்தான் வருகிறது. அந்த நேரத்தில் ஒரு கம்பை நட்டு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

ஹோஸ்டாவை மறந்துவிடுங்கள். அதற்குப் பல வாரக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். கோலாலம்பூர் இரவு 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது, ஆகவே அது இங்கே ஓய்வின்றி இலை விட்டு, சில பருவங்களில் இளைத்துப் போகும். குளிர்நாட்டார் எழுதும் நிழல்செடிப் பட்டியல்களில் பெரும்பகுதி நமக்கு இப்படித்தான். நமது மழைக்காட்டின் அடித்தளத்தில் வளர்பவையே நமக்கு நிழல்செடிகள். தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்கா 1884இல் தொடங்கப்பட்டது. அங்கே பெருமரங்களின் கீழ் நடந்து பார்த்தால், நிழலில் எது தானாகச் சிரிக்கிறது என்று கண்ணாலேயே கற்றுக்கொள்ளலாம். நான் கற்றது அங்கேதான்.

உங்கள் பாத்திக்கு என் யோசனை இது. சுவரிலிருந்து விலகிய வெளிவிளிம்பில் கோர்டிலைன் செடிகளை ஒரு வரிசையாக நடுங்கள். அது வெயிலையும் அரைநிழலையும் தாங்கும். ஐந்தடி உயர்ந்த பின் ஜூன் மாத உச்சி வேளையில் இரண்டடிக்குச் சற்றுக் குறைவான நிழலைச் சுவர்ப் பக்கம் தரும். அந்த நிழலில் அக்லோனிமா பிழைத்துக்கொள்ளும். இடையிடையே பாண்டானும் மருளும் வைக்கலாம். இரண்டும் எந்தப் பருவத்துக்கும் அசைந்து கொடுக்காதவை. புங்கா காந்தான் என்னும் சமையல் இஞ்சிப்பூச் செடியை நடச் சொல்லி யாரேனும் சொல்வார்கள். லக்சாவுக்கு அது இல்லாமல் முடியாது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஆனாலும் ஆள் உயரத்தை எளிதில் தாண்டிப் பக்கக் கன்று விட்டுப் பரவும் செடிக்கு நான்கடிப் பாத்தி போதாது.

பதில் (கெப்போங்)

வணக்கம் அக்கா. ஐயா பாத்தியைச் சொல்லிவிட்டார்; நான் மாமரத்தடியைப் பற்றி எழுதுகிறேன், எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான். உங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் உண்மையான நிழல் அங்கே மட்டும்தான் இருக்கிறது.

இலைமேல் உள்ள கரிப்படலம் செடியின் நோய் அன்று. மாவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகளும் செதில் பூச்சிகளும் கழிக்கும் இனிப்பு நீர் கீழே சொட்டி, அதில் கரும்பூசணம் வளர்கிறது. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். கிளையை அளவாகக் கவாத்து செய்து காற்றோட்டம் விட்டால் பூச்சியும் குறையும்.

மரத்தடியில் பள்ளம் தோண்டி நடாதீர்கள். உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. வெட்டினால் மரத்துக்கும் கேடு, நட்ட செடிக்கும் அந்த வேர்களோடு தண்ணீருக்குப் போட்டி. புது மண்ணைக் கொட்டி அடிமரத்தை மூடுவதும் கூடாது, பட்டை அழுகும். கலாத்தியாக்களைத் தொட்டியிலேயே வளர்த்து, தொட்டிகளை மரத்தடியில் வையுங்கள். தேங்காய் நார்த்தூளும் உமிக்கரியும் கலந்த மண் நன்றாக நீர் வடிக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டவே வேண்டாம். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சோதனைக்கு வரும் அதிகாரிகள் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் விதிக்கலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், வீட்டில் குழந்தை இருக்கும்போது டிங்கிக்கு இடம் கொடுக்கலாமா? இதனாலேயே இலைக்குவியலில் நீர் தேங்கும் புரோமிலியாடுகளையும் நான் வைப்பதில்லை.

தரையை மூட டாவுன் காடோக் நடுங்கள். வெற்றிலையின் உறவு, பார்க்கவும் வெற்றிலை போலவே இருக்கும், தரையோடு படர்ந்து தானே வேர்விடும், உலாம் என்னும் பச்சைக்கீரை உணவுக்கும் பறிக்கலாம். ஒரு கணுத் தண்டைச் சொருகினால் போதும், பள்ளம் தேவையில்லை. அடிமரத்தில் பறவைக்கூட்டுப் பெரணி ஒன்றைத் தேங்காய் மட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அது மரத்தின் சாற்றை எடுப்பதில்லை, உதிரும் இலைகளைத் தாங்கி அவற்றிலேயே உணவு தேடிக்கொள்ளும்.

பேரனைப் பற்றிக் கேட்டீர்கள். அக்லோனிமா, பீஸ் லில்லி, டிஃபன்பாக்கியா ஆகியவற்றின் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். பூனைக்கும் அப்படியே. கலாத்தியாவிலும் பறவைக்கூட்டுப் பெரணியிலும் அந்த அச்சம் இல்லை. ஆகவே அக்லோனிமாவை எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். இரண்டு வயதுக் கைக்கு எட்டும் உயரத்தில் அதற்கு இடமில்லை.

கேட்டவர்

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. இன்று ஒன்றேகால் மணிக்கு ஐந்தடித் துடைப்பக் கம்பை நட்டுப் பார்த்தேன். நிழல் சுவரை நோக்கி ஒன்றரை அடிக்குச் சற்று மேல் விழுந்தது. டிசம்பரில் நான் கண்ட நிழலுக்கு நேர் எதிர்ப்பக்கம்! ஏழு மாதம் இதே பாத்தியில் குனிந்து வேலை செய்தும் இது என் கண்ணில் படவில்லை.

கலாத்தியாக்களைத் தோண்டி, அழுகிய வேர்களை வெட்டி, தொட்டிகளுக்கு மாற்றி மரத்தடியில் வைத்துவிட்டேன். அக்லோனிமா மாடிக் கூடத்துக்குப் போய்விட்டது, பேரனால் அங்கே தனியாக ஏற முடியாது. சுவரோரம் இப்போதைக்குப் பாண்டானும் மருளும் மட்டும் போதும். வெளிவிளிம்புக்குக் கோர்டிலைன் வாங்கச் சனிக்கிழமை சுங்கை பூலோ போகிறேன். அவற்றை எத்தனை அடி இடைவெளியில் நட வேண்டும், ஐயா?

பதில் (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

இரண்டடி விட்டு நடுங்கள், அம்மா. நர்சரியில் கறுப்பு வலைக்கு அடியில் வளர்ந்த கன்றாக இருந்தால் நேரே பாத்தியில் இறக்காதீர்கள். முதல் வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்து, பிறகு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டி, இரண்டாம் வாரக் கடைசியில் நடுங்கள். இல்லையென்றால் கோர்டிலைனும் கருகும்.